குறுக்குத் தடம்

ஓசூர் முதலில் பென்சிலில்தான் வளர்கிறது.
மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம்,
ஊதா தொழிற்சாலை.
பச்சை என்றால்
இன்னும் விலை படியவில்லை என்று
எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு.

நான் வரைவாளர். பதினொரு வருடம்.
முப்பதடிச் சாலை
என் ஸ்கேலில் ஒரு நகக்கண் அகலம்.
எதிரெதிரே இரண்டு தண்ணீர் லாரி வந்து நின்றால்
எழுகிற வசவு
தாளில் கேட்காது.

தெரு என்பது என்ன?
யாரும் வீடு கட்டக் கூடாத இடம்.
அவ்வளவுதான்.
இங்கே கூடாது, இங்கேயும் கூடாது என்று
மறுத்து மறுத்துத்தான்
ஓர் ஊரை உண்டாக்குகிறோம்.
மனை விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள்.

பெரிய மனைப்பிரிவென்றால்
நூற்றுக்குப் பத்து பொதுவுக்கு விட வேண்டும்.
விடுபவர்கள்
பாறையை விடுவார்கள், பள்ளத்தை விடுவார்கள்,
மின்கோபுரத்தின் காலடியை விடுவார்கள்.
மத்திகிரிக்கு அப்பால்
அப்படி வந்து சேர்ந்த பச்சை அது:
இரண்டு ஊஞ்சல், நான்கு சிமெண்டு பெஞ்சு,
திறந்துவைத்தவர் பெயரோடு ஒரு கல்வெட்டு,
நடுவே வட்டமாய் நடைபாதை.
காம்பஸ் வைத்து நான் போட்ட வட்டம்.

ஆவணியில் புகார் வந்தது.
'புல்லை மிதித்து நாசம் செய்கிறார்கள்.
வேலி அமைத்துத் தரவும்.
இப்படிக்கு, திம்மராயப்பா,
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்.'
மிதிப்பது யாரென்று எழுதவில்லை.
எழுதாமலே தெரியும்:
கம்பெனி ஹாஸ்டல் பெண்கள்,
அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்து
மூன்று ஷிப்டில் தூங்குகிறவர்கள்.

டேப்பைத் தூக்கிக்கொண்டு
நானும் மாதேசனும் ஐந்தரைக்குப் போனோம்.
பேசினால் வாயில் புகை வருகிற குளிர்.
செல்போன் வெளிச்சம் ஒன்றன் பின் ஒன்றாய்
பூங்காவுக்குள் நுழைந்தது.
வட்டத்தை ஒருத்தியும் தொடவில்லை.

தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்குக்கு
குறுக்கே ஒரு தடம்.
வாசலில் மூன்றடி அகலம், போகப் போக ஒன்றரை.
பாதியில் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி
பன்னிரண்டடி போய்
மறுபடி திரும்புகிறது.
மரமில்லை, கல்லில்லை.
வெறும் இடத்துக்கு ஏன் இந்த மரியாதை?

ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன்.
கழுத்து அட்டையில் ச. பச்சியம்மாள் என்றிருந்தது.
"அங்க ஊறும் மேடம்.
மழைன்னா கணுக்கால் வரைக்கும் இறங்கிரும்" என்றாள்.
"பஸ்ஸு போயிரும்" என்றாள் அடுத்து.
ஓடியும்விட்டாள்.

பதிவறையில் பழைய புலப்படத்தை விரித்தேன்.
துணி ஒட்டிய தாள், மடிப்பெல்லாம் கிழிசல்.
மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு
இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று
பூங்காவின் வயிற்றில் ஓடியது.
மனைப்பிரிவு வரைபடத்தில் அது இல்லை.
பிரதி எடுத்தது யாரென்று
ஓரத்துச் சுருக்கொப்பத்தைப் பார்த்தேன்.
என்னுடையது.

அந்த வருடம் என்ன அவசரம் என்று
யோசித்துப் பார்த்தேன்.
மார்ச் மாதக் கடைசி வாரம் என்பதைத் தவிர
ஒன்றும் ஞாபகமில்லை.

புள்ளிக்கோடு பூங்காவைத் தாண்டி
எந்தெந்த மனைக்கு அடியில் போகிறது என்று
விரலால் எண்ணத் தொடங்கினேன்.
எட்டாவதில் விரலை எடுத்துக்கொண்டேன்.

கோப்பில் எழுதினேன்:
'வேலி தேவையில்லை.
உள்ள தடத்தையே நடைபாதையாக ஏற்கலாம்.
வளைவை நிமிர்த்த வேண்டாம்.'
மீதியை எழுத
இன்னொரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

கோப்பு மேலே போயிருக்கிறது.
அதற்கு முன்பே வேலிக்கம்பி வந்துவிட்டது.
வாசலை ஒட்டி, தடத்தின் மேலேயே
சுருளாய் இறக்கிப் போயிருக்கிறார்கள்.

நேற்று ஐந்தரைக்கு மறுபடி போனேன்.
கம்பிச் சுருளுக்கு வலப்பக்கம்
புல் சாயத் தொடங்கியிருந்தது.