பிஸ்டனின் விலா

பதினேழு முறை இழுத்தேன்.
பதினெட்டில் கயிறு கையோடு வந்துவிடுமென்று பயந்து
சமையலறை மேசைக்குத் தூக்கிவந்தேன்.
ஆலிவ் எண்ணெய்க் குப்பியை நகர்த்தி,
செய்தித்தாள் விரித்து
புல்வெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்தேன்.

மாதக் கடைசிக்குள் வீட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர்
ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.
இல்லையென்றால் காவல்படை ஜீப் வரும், ரசீதுப் புத்தகத்தோடு.
அபராதம்கூடப் பெரிதில்லை.
ஸேசெரே ஆற்றைத் தாண்டி யூகலிப்டஸ் தீ வந்த இரவு
கோழிக்கூண்டுத் தகரம் வளைந்த வளைவை
நான் இன்னும் நிமிர்த்தவில்லை.

யார் கெடுத்தது என்று எனக்குத் தெரியும்.
அமில்கார். தங்கையின் கணவன்.
அக்டோபரில் இரவல் வாங்கினான்.
நவம்பரில் வாசலில் வைத்துவிட்டுப் போனான்,
மணியடிக்காமல்.
ஆயில் கலக்காமல் ஊற்றியிருப்பான்.
ஐம்பதுக்கு ஒன்று; லிட்டருக்கு இருபது மில்லி,
இருமல் மருந்து மூடியில் ஒன்றரை.
அதையும் மிச்சம் பிடிக்கிற ஆள்.
அப்பாவுக்குப் போட்ட மலர்வளையத்தில்
என் பாதியைக் காசு காசாக எண்ணி வாங்கியவன்.

குளிர்காலம் முழுக்க அவனுக்காக
ஒரு பேச்சு தயாரித்திருக்கிறேன்.
பாத்திரம் கழுவும்போது ஒத்திகை.
ரொட்டிக்கடை வரிசையில் ஒத்திகை.
அதில் 'பிஸ்டன்' என்ற சொல் நான்கு முறை வரும்.

சாட்சி உள்ளே இருக்கிறது.
சைலன்சருக்கு இரண்டே திருகாணி.
கழற்றினால் ஒரு சின்னச் சன்னல்,
டார்ச் அடித்தால் பிஸ்டனின் விலா.
எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால்
பூனை பிறாண்டிய சோபா மாதிரி
மேலிருந்து கீழாகக் கோடுகள் இருக்கும்.

அடித்தேன்.
கயிற்றை மெல்ல இழுத்து, ஏற்றி, இறக்கி.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி.

ஒரு கீறல் இல்லை.
கழுவிக் கவிழ்த்த கரண்டிபோல்
என்னையே திருப்பிக் காட்டியது.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் டேங்கைத் திறந்தேன்.
முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.
ஜாம் பாட்டிலில் கவிழ்த்துச் சன்னலில் பிடித்தேன்:
பச்சைச் சாயல், ஆயிலின் சாயம்.
கழுத்துவரை இருந்தது.
நிரப்பித்தான் கொடுத்திருக்கிறான்,
அளவாய்க் கலந்து, ஒரு வார்த்தை சொல்லாமல்.
ஐந்து மாதம் வடிக்காமல் கொட்டகையில் போட்டு
அதை வார்னிஷ் வாடைக்குக் கொண்டுவந்தது
நான்.

கார்புரேட்டருக்குள் டயாஃப்ரம்:
தபால்தலை அளவுக் கருப்புத் தோல்.
துணிபோல் மடங்க வேண்டியது
'டக்' என்று நின்றது.
பெட்ரோல் குழாய் விரலில் பொடிந்தது.

ஸெசினாந்தோ கடையில் பதினொரு யூரோ.
புதுக் குழாயின் முனையைச் சாய்வாக நறுக்கினால்
டேங்கின் துளைக்குள் சண்டை போடாமல் நுழையும்;
நேராக நறுக்கிய முதல் குழாய் வீண்.
சைலன்சர் வலையை
கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டினேன்.
கரி உதிர்ந்தது. சூப் கருகியது.

பம்ப்பை ஆறு அழுத்து. சோக்கை மூடு.
மூன்று இழுப்பு, ஒரு செருமல்.
சோக்கைத் திற.
நான்காவதில் நீலப் புகை முற்றத்தை நிறைக்க
நாய் தள்ளுவண்டிக்கு அடியில் போய்விட்டது.

மாலைவரை வெட்டினேன்.
முட்கொடி, மஞ்சள்பூப் புதர்,
முழங்கால்வரை பச்சைத் தெறிப்பு.
எல்லைக் கல்லருகே மூச்சு வாங்க நின்றபோது
போன் அதிர்ந்தது.

"தியோலிந்தா, ஐட்லிங் ஜாஸ்தியா வச்சிருக்க.
இங்க வரைக்கும் கேக்குது."

எதிர்ச்சரிவில் அவன் வீட்டு விளக்கு.

"டேங்கை நிரப்பிக் குடுத்தேன்னு
நீ சொல்லியிருக்கலாம்."

"நீ தொறந்து பாத்திருக்கலாம்."

வைத்துவிட்டான்.
தயாரித்த பேச்சு முழுசாக வாயில் இருந்தது,
நான்கு பிஸ்டனோடு.

கை எடுத்தும் வெட்டுத்தலை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.
ஐட்லிங் திருகாணியை இடப்பக்கம்
கால் சுற்று திருப்பினேன். நின்றது.

அதை அவனிடம் சொல்லப்போவதில்லை.
அவனுக்குக் கேட்டிருக்கும்.