கேளாத பேர்

சுண்டிக்குளியில், அருமைநாயகம் வீட்டு மோட்டார் அறைக்குள்
ஏழு பொக்சர் குட்டிகள்.
ஆறு மண்நிறம், முகத்தில் கரி அப்பினமாதிரி.
ஒன்று வெள்ளை.
ஆறுக்கும் விலை இருந்தது.
வெள்ளையை அவர் காலால் ஒதுக்கி
"உது கேளாது, பாருங்கோ" என்று
கை தட்டிக் காட்டினார்.
ஆறு தலைகள் திரும்பின.
வெள்ளை என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாய்ப் படித்துவிட்டுத்தான் போனோம்.
தாயின் குணத்தைப் பார்.
நெஞ்சில் காது வைத்து இதயத்தைக் கேள்.
ஓடிவருகிற முதல் குட்டியில் மயங்காதே.
குகதாசன் கொப்பியில் இலக்கம் போட்டு எழுதியிருந்தார்.
யதுர்சி அந்தக் கொப்பியின் மேல் வெள்ளையை இருத்தினாள்.
அது மூத்திரம் பெய்தது.
நாலாம் இலக்கத்துக்குப் பிறகு
ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

கோண்டாவில் வரும்வரை ஓட்டோவில்
ஒருவரும் கதைக்கவில்லை.

"கேளாத நாய்க்கு என்னத்துக்குப் பேர்?"
மதிலுக்கு மேலால் மனோன்மணி ரீச்சர்.
தடுப்பூசி அட்டையில் ஒரு கோடு வெறுமையாய் இருக்கிறதே.
அப்பம் என்று நிரப்பினோம்.
பேர் எங்களுக்கு.
அவனுக்கு, கன்னத்தில் இரண்டு விரல்.

உள்ளங்கை கீழே என்றால் இரு.
பெருவிரல் என்றால் நல்ல பிள்ளை.
குதிக்காலால் நிலத்தில் ஓர் உதை: இங்கே பார்.
சீமெந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்,
முற்றத்து மணல் விழுங்கிவிடும்.
முற்றத்துக்கு ரோச் லைற்.
நித்திரையில் தொடக்கூடாது, திடுக்கிட்டுக் கடிப்பான்;
முதலில் மூக்குக்கு முன்னால் கையைப் பிடி,
மணந்து எழும்பட்டும்.
கரண்ட் போன இரவில் எங்கள் பாஷை முழுக்க அணைந்துவிடும்.
அப்போது வந்து முழங்காலில் சாய்வான்,
இருபத்தெட்டுக் கிலோவும்.

சித்திரையில்தான் பயந்தோம்.
அந்தச் சப்பை மூக்கால்
இந்த ஊர் வெக்கையை இழுத்துவிட ஏலாது.
ஒருநாள் பதினொரு மணி வெயிலில்
அணிலுக்குப் பின்னால் ஓடி, வேலியடியில் சரிந்தான்.
நாக்கு நாவற்பழம்.
கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் கால் இடுக்கிலும்
ஊற்றி ஊற்றி, வேகமாய் விசுக்கி,
திருநெல்வேலிக்கு வைத்தியரிடம் பறந்தோம்.
இப்போது நடை காலை ஐந்தரைக்கு, பிறகு இரவு ஏழுக்கு.
இடையில் மின்விசிறிக்குக் கீழ் நிலத்தோடு நிலமாய்.
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் எனக்கென்று அனுப்பின வெயில் கிறீம்
அவனுடைய காதோரத்திலும் மூக்கு நுனியிலும்.
அவவுக்குச் சொல்லவில்லை.

சோறு, உப்பில்லாமல் அவித்த மீன், முள் எடுத்து,
மூன்று நேரமாய்ப் பிரித்து.
தின்றபின் ஓடவிட்டால் வயிறு முறுகிவிடும் என்று
யதுர்சி ஒரு மணித்தியாலம் காவல்.
முகச் சுருக்கத்துக்குள் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி.
என் சேலைகள் எல்லாவற்றிலும் வீணீர்.
கச்சேரியில் ஒருத்தி, கரை நல்லாயிருக்கு,
எங்கே எடுத்தது என்று கேட்டாள்.

ஐப்பசியில் ஒருக்கால் கேற் கொளுக்கி கழன்று
றோட்டில் நின்றான்.
தண்ணீர் பவுசர் பின்பக்கமாய் வருகிறது, ஹோன் அடிக்கிறது,
நான் கத்துகிறேன், ஆருக்கு?
நிலத்தை உதைத்தேன். தார் றோட்டும் பேசும்போல,
திரும்பினான்.
வாலோடு முழு உடம்பும் வளைய வந்தான்.
நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

பிறகு தீபாவளி.
தெரு நாய்கள் மதகுக்குக் கீழே.
குகதாசன் வழமைபோலப் பின் அறையில்,
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில்.
கலியாணம் முடித்து பதினாறு வருசம்,
அந்த இரவில் நான் கதை கேட்பதில்லை.
அப்பம் ஹோலின் நடுவில்
நாலு காலும் மேலே, வாய் கோணி, நல்ல நித்திரை.

எட்டு மணிபோல அவர் வெளியே வந்தார்.
பக்கத்தில் இருந்தார்.
முறைப்படி முதலில் மூக்குக்கு முன்னால் கை.
பிறகு வயிற்றில்.
ஒவ்வொரு வெடிக்கும் கை துள்ளியது.
வயிறு துள்ளவில்லை.

கொப்பியில் இல்லாத சைகை.
அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்,
விளங்கவில்லை,
எதற்கும் இருக்கட்டும் என்று
கையை ஒருக்கால் நக்கிவிட்டு
மறுபடி குறட்டை.
அந்த வீட்டில் அதுதான் பெரிய சத்தம்.