வாளி விழுந்த இடம்

துர்க்குவில் என் கணினி விண்டோஸ்.
ஓவுலுவில் சிர்க்குவின் கணினி மேக்.
இடையில் அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பிர்ச் மரங்கள்.
அவை ஒருநாளும் எங்களுக்குத் தடையாய் இருந்ததில்லை.

நான்காம் பாட்டை அனுப்பிய இரவு
அவளிடமிருந்து ஒரு படம் வந்தது.
குரல் தடத்தின் மூன்றாம் குழியில்
மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி:
செருகுநிரல் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன, இதோ இருக்கிறதே என்று
கோப்பை அப்படியே அஞ்சலில் இணைத்தேன்.
"ஓக்கோ, இது டிஎல்எல்.
என் மென்பொருள் கேட்பது ஏ.யூ.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடாதே."

யாரோ ஒரு ஹ்ரோக்
ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாய் விட்ட எதிரொலி அது.
முப்பத்திரண்டு பிட்.
செப்பு நிறக் குமிழ்கள், கையால் வரைந்தவை,
ஒன்று மட்டும் சற்றுக் கோணல்.
பதிப்பு 0.9.
மீதியை அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன் என்று
ஓரத்தில் ஒரு வரி.
அவருக்கு எழுதிய கடிதம்
நான்கு நிமிடத்தில் என்னிடமே திரும்பி வந்தது.

பாலம் என்றொரு நிரல் உண்டு,
பழையதைப் புதியதுக்குள் ஏமாற்றி நுழைப்பது.
ஏற்றினாள்.
முதல் வரி வழுக்கிக்கொண்டு போனது.
இரண்டாம் வரியில், எங்கள் மொழியில்
இரண்டே எழுத்தில் முடியும் 'இரவு' என்ற சொல்லில்
பாலம் அறுந்து
மொத்த மென்பொருளும் ஆற்றோடு போயிற்று.
சேமித்திருக்கவில்லை.
அவள் திட்டியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விளைவோடு சேர்த்து உறையவைத்து அனுப்பிவிடலாம்தான்,
எல்லாரும் செய்வதுதான்.
ஆனால் உறைந்தது உறைந்ததுதான்,
தேநீரிலிருந்து சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியாது.
அதோடு
மூன்றாம் சரணத்தை அவள் இன்னும் பாடவே இல்லை.

"சரி, அது எப்படி ஒலிக்கும்? வாயால் சொல்."
பதினைந்து வருடம் ஒலிப்பதிவில் சம்பாதித்தவன்
திக்கினேன்.
நீளமாய் இருக்கும்.
"எவ்வளவு?"
மூன்று புள்ளி இரண்டு நொடி. ஈரமாயும்.
"ஈரமென்றால்?"
ஆளில்லாத நீச்சல் குளம் மாதிரி.
கொஞ்சம் துரு.
போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை
ஓர் அலைக்கோப்பு வந்தது.
எந்தப் பதிப்பு, எத்தனை பிட், யார் வீட்டுப் பிள்ளை
என்று எதையும் கேட்காமல்
என் கணினி அதைத் திறந்தது.

நகராட்சி நீச்சல் குளத்தில் அனுமதி வாங்கியிருக்கிறாள்,
இரவு ஒன்பதுக்கு மேல்.
பனிச்சறுக்கு வண்டியில் ஒலிபெருக்கியை இழுத்துப் போய்
பழைய இரண்டு சரணங்களைத் தண்ணீருக்கு ஒலிபரப்பி
மூன்றாவதை அங்கேயே நின்று பாடியிருக்கிறாள்,
கோட்டைக் கழற்றாமல்.
இரண்டு நிமிடம் பதினான்காம் நொடியில்
தகர வாளி ஒன்று விழுகிறது.
தொலைவில் ஒரு பெண் குரல்: மன்னிச்சுக்கம்மா.

ஹ்ரோக்கினுடையது மாதிரி இல்லை.
கீழ்ச்சுருதிகள் சேறாகிக் கிடந்தன,
துரு எங்கேயும் இல்லை.
ஒன்பது முறை கேட்டேன்.
இரண்டு முறை வாளியை வெட்டினேன்,
இரண்டு முறையும் திரும்ப ஒட்டினேன்.
தாளத்துக்கு அரை மாத்திரை முன்னால் விழுந்திருந்தது அது.
விடியும்போது
வாளியை விட்டுவிட்டு
டிரம்ஸை நகர்த்தினேன்.

மூன்றாம் குழியில் செப்புக் குமிழ்கள் இன்னும் இருக்கின்றன,
அணைத்து வைத்திருக்கிறேன், நீக்கவில்லை.
புதுப்பிக்கவா என்று தினமும் கேட்கிறது கணினி.
பிறகு என்று அழுத்துகிறேன்.

நேற்று சிர்க்கு அழைத்தாள்.
துப்புரவுக்காரப் பெண்ணின் பெயர் ஹில்க்கா மட்டிலைனனாம்.
உறையில் போட வேண்டுமாம்.
வாளி என்றே போடலாமா,
இல்லை, தாளவாத்தியமா?