ஆறாவது வளைவு

தரையைச் சூடாக்க ஆள் வேண்டும் என்றதும்
வயரிங் வினு சிரித்த சிரிப்பில்
ஏணி ஆடியது.
"சித்திரையில கூப்பிடுங்க அக்கா,
பைசா வேண்டாம், நானே சூடாக்கித் தாறேன்."

குலசேகரத்தில் இது ஆடி.
பன்னிரண்டு நாளாக வெட்டு இல்லை;
ரப்பர் மரத்துச் சிரட்டைகளில்
பாலுக்குப் பதில் மழை.
மார்த்தாண்டத்தில் பேரம் பேசி வாங்கிய டைல்
வீடு முழுக்க
மீன்கடை மேசைபோல் கிடக்கிறது.
அதன்மேல் றசல்ராஜ்,
காலுறைக்கு மேல் காலுறை,
அதற்கு மேல் செருப்பு.
"காலு குளிருது பிள்ளே."
நீண்டகரை ஐஸ் பிளாண்டில்
இருபத்தியேழு வருடம் நின்றபோது
ஒருநாளும் சொல்லாத சொல்.

கடைசியில் ஆள் கிடைத்தான்.
வெட்டூர்ணிமடத்துக் கிளாட்சன்.
பின்லாந்தில் ஒன்பது பனிக்காலம்
அடுத்தவர் வீட்டுத் தரைக்கடியில்
வெப்பக்கம்பி பாவியவன்.
ஊருக்கு வந்து மூன்று வருடம்;
இந்தப் பணிக்குக் கூப்பிட்ட முதல் வீடு
எங்களுடையது என்றான்.
மழைக்கோட்டைப் படியில் உதறினான்,
முட்டிபோட்டு டைலைத் தட்டினான், காதை வைத்தான்.
"அடியில பொள்ளலு உண்டு. பாக்கலாம்."

டேப் நீண்டது, சுருண்டது.
கட்டில் காலிலிருந்து ஜன்னல் வரை
சாக்கட்டியால் வரைந்துகொண்டே போனான்:
இங்கே திரும்பும், இங்கே மறுபடி திரும்பும்,
இது ஒன்று, இது இரண்டு.
அலமாரியில், ரேஷன் கார்டுக்கு அடியில்,
சீட்டு எடுத்த எண்பதாயிரம்.
நான் மனதில் எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஆறாவது வளைவில் நிமிர்ந்தான்.
"சாருக்கு சுகர் உண்டா?"

பதிமூன்று வருடம், என்றேன்.

சாக்கட்டியை வைத்துவிட்டுப்
பையிலிருந்து பேனா எடுத்தான்.
"காலுறைய கழத்துங்க சார்.
கண்ண மூடுங்க. தொட்டா சொல்லணும்."

ஓட்டு விளிம்பில் மழை.
யாருடைய கன்றோ எங்கோ கத்தியது.
கண்ணை மூடியபடி,
தடுப்பூசிக்கு நீட்டிய பிள்ளைபோல்
காலை நீட்டியபடி இருந்தார்.
கொஞ்சநேரம் கழித்து,
"எப்ப தொடப் போறிய?" என்று கேட்டார்.

உள்ளங்காலில்
நான்கு நீலப் புள்ளிகள்.

கிளாட்சன் என்னைப் பார்க்காமல்
டேப்பைச் சுற்றினான்.
"இந்த வீட்டுக்கு நான் செய்யமாட்டேன்.
சூடு கூடினா சாருக்குத் தெரியாது.
வெந்து போவும்.
வெந்ததும் தெரியாது."
நான் அரைமனதாகச் சொன்னேன்,
குறைத்து வைத்தால்?
அவன் தலையாட்டவில்லை.
நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னான்,
செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டே
போடக் கொடுக்கச் சொன்னான்.
நாகர்கோவிலிலிருந்து வந்த பெட்ரோலுக்கு ஐந்நூறு வாங்கி
ரசீதும் எழுதினான். பணி என்ற இடத்தில் ஒரு கோடு.

அன்றிரவு ஈரத்துணியால்
புள்ளிகளைத் துடைத்தேன்.
அவர் டிவி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்,
திரும்பவில்லை.
என் கைக்குள் அந்தக் கால்
நல்ல சூடாக இருந்தது.
என் கையைவிட.
இவ்வளவு நாளும்
தரையைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

தரை துடைக்கிறேன். கோட்டை விட்டுவிட்டு
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இன்று விடியலில் கண் திறந்தால்
அவர் கட்டிலில் இல்லை.
சாக்கோட்டின் மேல் நடக்கிறார்,
அடிமேல் அடியாய், குனிந்து பார்த்தபடி,
திரும்பும் இடத்தில் திரும்பி.
"இங்க கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, என்னா?"

நான் எழுந்து போனேன்,
வெறுங்காலோடு பக்கத்தில் நின்றேன்.
டைல் ஐஸாக இருந்தது.
ஆமா, என்றேன்.

ஆறாவது வளைவோடு கோடு முடிகிறது.
அங்கே நின்று
இனி எந்தப் பக்கம் என்பதுபோல்
ஜன்னலைப் பார்த்தார்.
மழை நின்றிருந்தது.
இன்று வெட்டு உண்டு.