பதினோராம் நாள்

வழுக்குப் பாறையில் தலை அடிபட்டதிலிருந்து
கருவாட்டு வாசம் எனக்கொரு கூச்சல்.
லயத்தில் எவர் வீட்டில் தாளித்தாலும்
என் நெற்றிக்குள் கடுகு வெடிக்கிறது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்:
கொஞ்சங் கொஞ்சமாய், அடிக்கடி சாப்பிடு.
சாயத்தண்ணியை இப்போதைக்கு நிறுத்து.
நிறுத்துவதா?
விழுந்த அன்றும் பதினெட்டுக் கிலோ கொழுந்து
என் முதுகில்தான் இருந்தது.

ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டு
இருட்டில் முட்டை உரிக்கிறார் வீட்டுக்காரர்.
ஓட்டுத்துண்டு பல்லில் நறநறக்கிறது.
திட்ட வாயெடுத்தால்
அவர் பெயர் வரவில்லை.
"இன்னொரு வாய்" என்கிறார்.
பாதி கஞ்சி, பாதி வாந்தி.
அப்படியே பத்து நாள்.

இன்று ரொட்டி கேட்டேன்,
கட்டச் சம்பலோடு.
ரொட்டி வந்தது. சம்பல் வரவில்லை.

"அடே மருதவீரா!"

லயமே திரும்பிப் பார்த்தது.
அவர் சிரித்துக்கொண்டே
சம்பல் கிண்ணத்தை
இன்னும் மேலே வைத்தார்.