சீவி அனுப்பியது

ஷார்ப்னரை உள்ளே விடமாட்டார்கள்.
அதில் ஒரு பிளேடு இருக்கிறது,
சுண்டுவிரல் நகத்தளவு.
ஆகவே பாளையங்கோட்டைச் சிறைக்கு
நாற்பது பென்சில்களையும்
நான் சீவித்தான் அனுப்ப வேண்டும்.

முன்பெல்லாம் சனிக்கிழமை நானே போவேன்.
பையைக் கவிழ்த்துக் காட்டி, கையெழுத்துப் போட்டு,
மூன்று கதவு தாண்டினால் நூலக அறை.
நாடகம் போடுவோம், படம் வரைவோம்.
ராஜா வேஷத்துக்கு அடிதடி.
போலீஸ் வேஷத்துக்கு
ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான்.

மார்ச்சில் கதவை மூடிவிட்டார்கள் என்றதும்
"எந்தக் கதவை?" என்று சிரித்தார்
குரூஸ் அந்தோணி.
பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தவர்.
இப்போது எங்கள் மொபெட் அவர் பொறுப்பு.

திங்கள்தோறும் உறை போனது.
ஆளுக்கு நாலு தாள், எண் போட்ட ஒரு பென்சில்,
தாளில் நான் பாதி இழுத்து விட்ட ஒரு கோடு.
மீதி அவர்கள் பாடு.
வாசல் திண்டில் உறைகளை
மூன்று நாள் வெயிலில் போடுவார்கள்.
"நம்மூரு வெயிலுக்குக் கிருமியா தங்கும்,
நாங்களே தங்க மாட்டோம் மேடம்" என்றார் வார்டர்.

மழுங்கிய பென்சில்கள் சீவுவதற்குத் திரும்பி வரும்.
முகம் பார்க்க முடியாத மாதங்களில்
முனை பார்த்தேன்.
பதினேழு மொட்டையாக வந்தால்
மந்திரமூர்த்தி மறுபடி எழுதத் தொடங்கிவிட்டான்.
இருபத்துமூன்று போன கூரோடே வந்தால்
வாய்தா தள்ளிப்போயிருக்கும்.
முப்பத்தொன்றில் பல்தடம். செய்யது மசூது.
வீட்டில் யாருக்கு என்னவோ.
சானிடைசர் போட்டுத் துடைத்தேன்,
தடம் போகவில்லை.

சென்னையிலிருந்து படிவம் வந்தது.
பயனாளிகள் எத்தனை, விளைவு என்ன.
ஆக்ஸிஜனுக்கு ஜனம் அலையும்போது
பென்சிலுக்கு எதுக்குக் காசு என்று
கொழுந்தன் கேட்டதும் அதே கேள்விதான்,
படிவம் இல்லாமல் கேட்டான்.
பதில் தெரியவில்லை.
விளைவு என்ற கட்டத்தில்
"சீவல், கால் கிலோ" என்று எழுதி
அழித்தேன்.

ஆனியில் குரூஸ் அந்தோணி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்.
மொபெட்டை நான் எடுத்தேன்.
முருகன்குறிச்சி சிக்னல்
யாருக்கோ பச்சை காட்டிக்கொண்டிருந்தது.
ஆளில்லாத ரோட்டிலும் சிவப்புக்கு நின்றேன்,
சிறைக்குப் போகிற வழியாயிற்றே.

அன்று திரும்பியவை முப்பத்தொன்பது.
"ஒம்பதாம் நம்பர் வரல மேடம்.
உச்சிமாகாளி. கூட்டத்தைக் குறைக்கணும்னு
ராத்திரியே ஜாமீன்ல விட்டாச்சு.
பென்சில் எங்கலேன்னா
காதுல சொருகுனதக் காணோம்ங்கான்.
ரிஜிஸ்தருக்கு என்ன சொல்ல?"

அவன் தாள் மட்டும் உறையில் இருந்தது.
தாமிரபரணியை மனசில் வைத்து
நான் வளைத்த கோடு.
அவன் அதைக் காதாக்கி விட்டிருந்தான்.
மாஸ்க் கயிறு மாட்டிய காது.
கயிற்றுக்கு மேலே
சீவிய பென்சில் ஒன்று.

வார்டரிடம் பேனா வாங்கி
"தேய்ந்து தீர்ந்தது" என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.
என் பெயரில் அரசாங்கத்திடம் இருக்கும்
ஒரே பொய் அதுவாக இருக்கலாம்;
வருமான வரியைச் சேர்க்காமல்.

பதினோரு நாள் கழித்து வந்தார் குரூஸ் அந்தோணி,
சட்டைக்குள் ஆள் பாதியாகி.
வாசனை இன்னும் திரும்பவில்லையாம்.
ஒரு கை சீவலை அள்ளி
மூக்கருகே நீட்டினேன்.
முகர்ந்தார். தலையாட்டினார், இல்லையென்று.

பிறகு மேஜையில் கிடந்த பென்சில்களை
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார்,
சாயந்திரம் லாக்கப்பில் தலை எண்ணுவது மாதிரி.
சந்தேகம் வந்து மறுபடியும்.

"ஒண்ணு கொறையுதே."

சொன்னேன்.

கொஞ்ச நேரம் இருமினார்.
"கொறையட்டும்" என்றார்.