நாலு பாகை

ஆண்கள் லுஹர் தொழுது போன பிறகு
அரை மணித்தியாலம் தந்தார்கள் எனக்கு.
செருப்பை வாசலில் விட்டேன்,
அளவு நாடாவை விடவில்லை.

கிண்ணியாவில் பிறந்து முப்பத்தொரு வருடம்.
இந்தப் பள்ளிவாசலின் உட்புறம்
இதுவரை எனக்கு வெறும் சத்தம்:
வெள்ளிக்கிழமை மைக்கின் செருமல்,
ஹவுளில் கால் கழுவும் தண்ணீர்.
இன்று அந்தச் சத்தத்துக்கு
அகலம் முப்பத்தெட்டு அடி,
ஆழம் இருபத்தாறே கால்.

"இடிக்கப் போற கட்டிடம்தானே பிள்ளை,
சும்மா ஒரு படம் கீறினாப் போதும்,"
செயலாளர் இஸ்மாலெவ்வை.
புதியது மூன்று மாடி. கீழே பன்னிரண்டு கடை.

காரை உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்.
மாரியில் வியர்க்குமாம், கடலை இன்னும் மறக்காமல்.
விரல் வைத்தேன்.
ஒரு சோகியின் பல் தட்டுப்பட்டது.

தூண் எட்டு.
ஏழு, காட்டில் வெட்டிய பாலை.
எட்டாவது பாய்மரம்.
கயிறு தின்ற வடு என் நெஞ்சு உயரத்தில்.
கடல் வந்த ஞாயிற்றுக்கிழமையின் கோடு
ஐந்து பூச்சுப் பெயின்ற்றுக்கு அடியில்,
என் தலைக்கு மேல் நாலு விரல்.

மிஹ்ராபின் வளைவுக்குச் சங்குச் சுண்ணாம்பு,
கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளை.
கறையான் விட்டுவைத்த கணக்குக் கொப்பியில்
கொத்தனுக்குப் பெயர் இருக்கிறது,
சுண்ணாம்பு ஏற்றிய வண்டிக்காரனுக்கும்.
பிறகு ஒரு வரி:
முட்டை நூற்றுப்பத்து. கொடுத்தது பெண்டுகள்.

அப்படியென்றால்
எனக்கு முன்னமே உள்ளே வந்திருக்கிறார்கள்,
வளைவு விழாமல் பிடித்துக்கொண்டு.

திசைகாட்டியை நிலத்தில் வைத்தேன்.
மேற்கிலிருந்து வடக்கே
இருபத்துமூன்று பாகை திரும்ப வேண்டிய சுவர்
பத்தொன்பதில் நின்றுவிட்டது.
கிப்லா பார்த்துக் கொடுத்தவர் மீராமுகைதீன் தண்டயலாம்,
தோணிப் பெட்டியை இறக்கி வைத்தாராம்
நங்கூரத்துக்குப் பக்கத்தில்.
ஊசி இரும்பைப் பார்த்தது, எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள்.
மோதினார் சொல்லும் கதை. தண்டயல் இல்லை, கேட்க.

பிழை தெரிந்த வருடம்
யாரும் சுவரை இடிக்கவில்லை.
பாயைச் சாய்த்து விரித்தார்கள்.
சுவருக்கும் முதல் ஸஃப்புக்கும் நடுவே
வடக்கு மூலையில் ஒரு முக்கோணம் மிஞ்சியது,
விரிந்த முனையில் இரண்டடி எட்டங்குலம்.
இப்போது அதற்குள்
இறக்கை முறிந்த மின்விசிறி,
றிஹால் ஐந்து,
யாரோ பிள்ளை மறந்த ஒரு தொப்பி.

"படத்தில நேராக் கீறுங்க," என்றார் செயலாளர்,
"சபைக்குக் காட்டணும்."

இரவு, மேசையில்.
மிஹ்ராப் என்று எழுதினேன். மிம்பர். ஹவுள்.
சுவரை அதன் பத்தொன்பதிலேயே விட்டேன்.
முக்கோணத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அதை நாடாவால் மட்டும் அளக்கவில்லை நான்.
மின்விசிறியை ஒதுக்கி வைத்து
நின்றும் பார்த்தேன்.
நிற்கப் போதும்.
சுஜூதுக்குப் போதாது.